ஏழாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்கு ஐ.இ.பி. இருக்கிறது. பயிற்சி ஆசிரியை நான் வகுப்பில் என்ன செய்வது?

தேன்மொழி_கணிதம்

எல்லோருக்கும் வணக்கம். நான் பி.எட். இரண்டாம் ஆண்டு, கணிதம். 16 வார கற்பித்தல் பயிற்சிக்காக விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு வந்திருக்கிறேன். ஏழாம் வகுப்புக் கணக்கை வழிகாட்டி ஆசிரியர் என்னிடம் விட்டிருக்கிறார். வகுப்பில் 36 பேர். அதில் இரண்டு பேருக்குத் தனிநபர் கல்வித் திட்டம், பள்ளியில் எல்லோரும் ஐ.இ.பி. என்று சொல்வது, போட்டு வைத்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் கேட்க வந்தேன்.

ஒருவன் பையன். மருத்துவ முகாமில் கற்றல் குறைபாடு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். டஜன் வாழைப்பழம் 60 ரூபாய் என்றால் 7 பழம் எவ்வளவு என்று வாயால் கேட்டால், நான் கேட்டு முடிப்பதற்குள் 35 என்கிறான். அதே கணக்கைப் புத்தகத்தில் காட்டினால் முதல் வரியைத் தாண்டுவதில்லை. 'கொடு' என்ற சொல்லைக் 'கெ' என்று தொடங்கி, பக்கத்தில் இருக்கும் காலைப் பார்த்ததும் நின்றுவிடுகிறான்.

இன்னொருத்தி பெண். அறிவுசார் குறைபாடு, அடையாள அட்டை இருக்கிறது. 20 வரை எண்ணுகிறாள். கரும்பலகையில் நான் எழுதியதை ஒரு புள்ளி விடாமல் அழகாகப் பார்த்து எழுதிவிடுகிறாள், ஆனால் எழுதியது என்ன என்று கேட்டால் சிரிக்கிறாள். நோட்டைத் திருத்தும்போது அவளுடையதில்தான் எல்லாம் சரியாக இருக்கும், அதைப் பார்த்து 'டிக்' போடும்போது எனக்கே கஷ்டமாக இருக்கிறது.

திட்டத் தாளை வாங்கிப் பார்த்தேன். பையனுக்கு 'வாசிப்புத் திறன் மேம்படுதல்', பெண்ணுக்கு 'எண்ணறிவு வளர்த்தல்' என்று இலக்கு. செயல்பாடு என்ற இடத்தில் மின்னட்டை (ஃபிளாஷ் கார்டு), படங்கள் என்று இருக்கிறது. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று உள்ள சிறப்புப் பயிற்றுநர் மேடம் வாரத்தில் ஒரு நாள் வருகிறார், அன்று எனக்கு வேறு வகுப்பு இருக்கும். நான் இப்போது நடத்துவதோ நேர்விகிதம், எதிர்விகிதம். அந்தத் தாளுக்கும் இந்தப் பாடத்துக்கும் எப்படி முடிச்சுப் போடுவது? 40 நிமிடத்தில் 36 பேரை வைத்துக்கொண்டு இந்த இரண்டு பேருக்கு என்று தனியாக எப்போது நேரம் எடுப்பது? மற்ற பிள்ளைகள் 'அவளுக்கு மட்டும் ஏன் ஈசி கணக்கு' என்று கேட்டால் என்ன சொல்வது? உள்ளடக்கிய கல்வி என்று எங்களுக்கு ஒரு தாள் இருந்தது, வரையறை, வகைகள், குழுக்கள் எல்லாம் படித்து எழுதினோம். இதை யாரும் செய்துகாட்டவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சிறப்புப்பயிற்றுநர்_வட்டாரவளமையம்

தேன்மொழி டீச்சர், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், அந்தத் தாளை யாரும் குறை சொல்ல வேண்டாம், ஆனால் அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். எங்களில் பெரும்பாலோர் தொகுப்பூதியத்தில் இருக்கிறோம், ஒரு ஆளுக்குப் பல பள்ளி, வீட்டிலேயே இருக்கும் பிள்ளைகளையும் போய்ப் பார்க்க வேண்டும், அதற்கு மேல் முகாம் வேலை, எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் பதிவு. உங்கள் பள்ளிக்கு வரும் அந்த ஒரு நாளில் நாங்கள் பார்ப்பது கொஞ்சம். தினமும் அந்தப் பிள்ளைகளைப் பார்ப்பது நீங்கள். திட்டம் என்பது சிறப்புப் பயிற்றுநர், வகுப்பாசிரியர், பாட ஆசிரியர், பெற்றோர் எல்லோரும் உட்கார்ந்து போட வேண்டியது. அந்த மேடம் வரும் நாளில் இடைவேளையில் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். போகும்போது வெறுங்கையோடு போகாமல், நீங்கள் பார்த்ததை எழுதிக்கொண்டு போங்கள். 'கொடு' பற்றி மேலே எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி அந்தத் தாளில் இருக்கும் எல்லாவற்றையும் விட எனக்கு உபயோகமாக இருக்கும்.

இரண்டாவதுதான் முக்கியம். உங்கள் வகுப்பில் இருப்பது ஐ.இ.பி. பிள்ளைகள் இரண்டு பேர் இல்லை, வேறு வேறு தேவை உள்ள இரண்டு பேர். பையனுக்கு இலக்கு மற்ற 34 பேருக்கும் உள்ள அதே இலக்குதான். நேர்விகிதக் கணக்கு அவனும் போட வேண்டும், அதில் ஒரு துளியும் குறைக்கக் கூடாது. அவன் போகும் வழி மட்டும் மாறும். கணக்கை யாராவது வாசித்துக் காட்ட வேண்டும், விடையை வாயால் சொல்ல விட வேண்டும், எழுத நேரம் கூடத் தர வேண்டும். பெண்ணுக்கு அப்படி இல்லை. அவளுக்கு இலக்கே வேறு, ஆனால் அதே வகுப்பில், அதே பாடத்துக்குள் அது நடக்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் நான் போகும் பள்ளிகளில் அதிகம் பார்க்கும் சேதம். வாசிக்கச் சிரமப்படும் பையனுக்கு இரண்டாம் வகுப்புக் கூட்டல் கணக்கைக் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். மூளை வேகமாக ஓடும் பிள்ளை, நாலு மாதத்தில் அவனே தன்னை மக்கு என்று முடிவு கட்டிவிடுவான்.

அடுத்தது இலக்கை எழுதுவது. 'எண்ணறிவு வளர்த்தல்' என்பதை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது, ஏனென்றால் அது நடந்ததா இல்லையா என்று எதிரில் நின்று பார்க்க முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: '20 ரூபாய்க்குள் விலை சொன்னால், ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்களில் இருந்து சரியான தொகையை எண்ணி எடுத்துக் கொடுப்பாள், ஐந்து தடவையில் நான்கு தடவை, உதவி இல்லாமல்.' இப்போது நீங்களும் பார்க்கலாம், நானும் பார்க்கலாம், அவள் அம்மாவும் கடைக்கு அனுப்பிப் பார்க்கலாம். பக்கத்தில் தேதி போட்டு எந்த அளவு உதவி தேவைப்பட்டது என்று குறியுங்கள்: தானாகச் செய்தாள், சைகை காட்டினால் செய்தாள், வாயால் சொன்னால் செய்தாள், செய்துகாட்டினால் செய்தாள், கையைப் பிடித்துச் செய்ய வைக்க வேண்டியிருந்தது. அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு நாங்கள் பயன்படுத்தும் மதிப்பீட்டுப் பட்டியல்களில் இந்த உதவி அளவுகளைத்தான் குறிப்போம். கையைப் பிடித்துச் செய்தவள் அடுத்த மாதம் வாயால் சொன்னாலே செய்கிறாள் என்றால் அது பெரிய முன்னேற்றம். மதிப்பெண்ணில் அது தெரியாது, இந்தக் குறிப்பில்தான் தெரியும்.

பையனின் வாசிப்பு பற்றி. நம் எழுத்தில் அந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு இடறும் இடங்கள் குறிப்பாகச் சில உண்டு. கொம்பு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். 'கொ' என்றால் எழுத்துக்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்கிறது, இவன் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிக்கிறான், அதனால் 'கெ' என்று போய்க் காலில் முட்டுகிறான். உகரத்துக்கு கு, சு, டு, பு என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவம். அப்புறம் ல, ள, ழ, ண, ன, ந. இவை எல்லாவற்றையும் கணக்கு டீச்சர் திருத்த முடியாது, அது எங்கள் வேலை, தமிழாசிரியர் வேலை. நீங்கள் செய்ய முடிந்தது ஒன்று. வாழ்க்கைக் கணக்குகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் கொஞ்சம்தான்: விலை, மொத்தம், மீதம், எவ்வளவு, ஒவ்வொரு, எத்தனை, வீதம், விகிதம், எனில். இதை ஓர் அட்டையில் பெரிய எழுத்தில், 'மொ', 'வ்வொ' மாதிரி இடங்களை ஒரே வண்ணத்தில் ஒரு கட்டியாக எழுதி, அவன் கணக்கு நோட்டின் அட்டைக்குள் ஒட்டிக் கொடுங்கள். முழுச் சொல்லாகப் பார்த்துப் பழகட்டும். வகுப்பு முழுவதற்குமே ஒட்டிக் கொடுத்தால் இன்னும் நல்லது, யாருக்கும் கேள்வி வராது.

ஒன்று சொல்லிவிடுகிறேன், பயிற்சி ஆசிரியர்கள் ஆர்வத்தில் செய்வது. வேறு ஏதாவது பிள்ளை வாசிக்கத் திணறினால் 'உங்க பையனுக்கு டிஸ்லெக்சியா', அதாவது வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு, என்று பெற்றோரிடம் நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். கண்ணும் காதும் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், கடைசி பெஞ்சில் இருந்து போர்டு தெரியாத பிள்ளைகளே நிறைய. பார்த்ததைத் தேதியோடு எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். முகாமுக்கு அனுப்புவது, மருத்துவச் சான்று வாங்குவது எல்லாம் பள்ளி வழியாகப் போகட்டும்.

கணக்கு_வாத்தியார்_திண்டிவனம்

மேடம் சொன்னது எல்லாம் சரி. 40 நிமிடத்தில் எப்படி என்பதுதான் தேன்மொழியின் கேள்வி, அதற்கு நான் வருகிறேன். நான் பட்டதாரி ஆசிரியர், கணக்கு, ஆறு முதல் பத்து வரை எடுக்கிறேன்.

மா, தனியாக நேரம் தேடாதே. கிடைக்காது. கிடைத்தாலும் அது விளையாட்டுப் பீரியடாகத்தான் இருக்கும், அந்தப் பிள்ளைகளிடம் இருந்து அதைப் பிடுங்குவது பாவம், அங்கேதான் அவர்கள் மற்றவர்களோடு சமமாக ஓடுகிறார்கள். நடத்தும் பாடத்துக்குள்ளேயே அவர்களுக்கு இடம் போட்டுவிட வேண்டும். நேர்விகிதத்தையே எடுத்துக்கொள்வோம்.

5 பேனாவின் விலை 40 ரூபாய் எனில் 8 பேனாவின் விலை என்ன? இதை போர்டில் எழுது, எழுதிவிட்டு நீயே இரண்டு முறை சத்தமாக வாசி. முழு வகுப்புக்கும் வாசி, ஒருத்தனுக்காக என்று வாசிக்காதே. வாசித்த அந்த நொடியில் உன் பையனுக்குத் தடை போய்விட்டது, இனி அவன் மற்றவர்களோடு போட்டி போடலாம். உண்மையில் வகுப்பில் இன்னும் ஏழெட்டுப் பேர் வாசிக்கத் திணறிக்கொண்டு வெளியே சொல்லாமல் இருப்பார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான் அது.

இப்போது அந்தப் பெண். மேசையில் நிஜப் பேனாக்களை வை. நாணயங்களும் நிஜமானதாக இருக்கட்டும், அட்டையில் வெட்டிய காசு வேண்டாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அது அவமானம். முதலில் வகுப்பைக் கேள், ஒரு பேனா எவ்வளவு? 8 என்பார்கள். அவளைக் கூப்பிட்டு ஒரு பேனாவுக்கு 8 ரூபாய் எண்ணி வைக்கச் சொல். வைத்தாளா, போர்டில் அட்டவணையின் முதல் வரிசை: 1 பேனா, 8 ரூபாய். அடுத்து இரண்டாவது பேனாவையும் வை, அதற்கும் 8 எண்ணி வைக்கட்டும், மொத்தத்தையும் சேர்த்து எண்ணட்டும். 16. அவளுக்கு 20 வரை தெரியும் என்றாயே, அதற்குள்தான் இருக்கிறது. அது இரண்டாவது வரிசை. மூன்றாவது வரிசையில் இருந்து வகுப்பு எடுத்துக்கொள்ளும், 24, 32, 40 என்று கேள்வியில் இருக்கும் 40 சரிபார்த்தாகிவிடும், அப்படியே 8 பேனாவுக்கு 64. பேனா கூடக் கூட ரூபாயும் அதே கணக்கில் கூடுகிறது என்பதை வகுப்பு கண்ணால் பார்க்கிறது. அவள் எண்ணிய இரண்டு வரிசை இல்லாமல் அந்த அட்டவணை தொடங்கவே இல்லை, பார். அதற்குப் பின் மற்றவர்கள் பயிற்சிக் கணக்குப் போடும்போது அவள் நோட்டில் நீ முன்பே எழுதி வைத்த நாலு கணக்கு இருக்கட்டும்: பென்சில் 6 ரூபாய், அழிப்பான் 5 ரூபாய், இரண்டும் சேர்த்து எவ்வளவு, இந்த மாதிரி. போர்டைப் பார்த்து எழுதும் வேலையை மட்டும் நிறுத்து. அவள் நோட்டு அழகாக இருப்பதால் இத்தனை வருடமாக யாரும் அவளைத் திரும்பிப் பார்க்காமல் போயிருக்கலாம்.

எதிர்விகிதத்துக்கும் வழி இருக்கிறது. 12 மிட்டாய், 2 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 6, 3 பேருக்கு 4, 4 பேருக்கு 3, 6 பேருக்கு 2. பிரித்து வைப்பது அவள், எழுதுவது வகுப்பு. ஆள் கூடக் கூடப் பங்கு குறைகிறது. இதைவிட எதிர்விகிதத்துக்கு நல்ல தொடக்கம் நானே பார்த்ததில்லை.

பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் கேட்டால் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டத்தின் பயிற்சி நூல்கள் கிடைக்கும். 2022ல் ஒன்று முதல் மூன்று வரை என்று தொடங்கி, அடுத்த ஆண்டே நாலு, ஐந்துக்கும் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கு ஏற்றபடி செயல்பாடுகள் இருக்கும், எண் சம்பந்தப்பட்ட நல்ல யோசனைகள் நிறைய. ஆனால் புத்தகத்தை அப்படியே கொண்டுவந்து அவள் முன்னால் விரிக்காதே. யானை, முயல் படம் போட்ட புத்தகம் பன்னிரண்டு வயசுப் பெண்ணின் மேசையில் இருந்தால் மற்ற பிள்ளைகள் ஒரு நாளில் பெயர் வைத்துவிடும். யோசனையை எடுத்துக்கொள், உன் கையால் நோட்டில் எழுது.

'அவளுக்கு மட்டும் ஏன் ஈசி' என்று கேட்பார்கள்தான். நான் சொல்வது ஒரே பதில்: 'அவங்கவங்க கத்துக்க வேண்டியதை அவங்கவங்க கத்துக்கறாங்க, உன் கணக்கைக் காட்டு.' குரலில் தயக்கம் இல்லாமல் சொன்னால் அடுத்த வாரம் யாரும் கேட்க மாட்டார்கள்.

பயிற்சி_ஆசிரியன்_சேலம்

எனக்கும் இதே நிலைமைதான், அறிவியல். என் வகுப்பில் காது கேட்கும் கருவி போட்ட பையன் ஒருவன். போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டே பேசக் கூடாது, அவன் என் வாயைப் பார்க்க வேண்டும் என்று ஹெச்.எம். சொன்ன ஒரே ஒரு விஷயத்தைக் கடைப்பிடித்ததிலேயே அவன் பதில் சொல்லத் தொடங்கிவிட்டான். இந்த இழையைச் சேமித்து வைத்துக்கொள்கிறேன்.

ஒன்பதாம்வகுப்பு_அம்மா

நான் ஆசிரியை இல்லை. என் மகனுக்கும் கற்றல் குறைபாடுதான், இப்போது ஒன்பதாவது. பெற்றோர் பக்கத்தில் இருந்து கொஞ்சம் சொல்லலாமா?

முன்பு அவன் படித்த ஒரு பள்ளியில், வகுப்பின் நடுவில் 'ஐ.இ.பி. பசங்க எல்லாம் எழுந்து வெளிய போங்க, மேடம் வந்திருக்காங்க' என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டவர்கள் கெட்ட எண்ணத்தில் கூப்பிடவில்லை. ஆனால் அந்த நாட்களில் காலையிலேயே அவனுக்கு வயிற்று வலி வந்துவிடும். உங்கள் பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், போதும்.

இன்னொன்று, திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். வாசிக்கவே வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, அப்படி விட்டுவிடுவதும் தப்பு. நாளைக்கு எந்தக் கணக்கை வாசிக்கச் சொல்லப் போகிறீர்கள் என்று முந்தின நாள் சாயந்திரம் அவனிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். இரண்டு வரிதான். வீட்டில் அதைப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வருவான். மறுநாள் எல்லார் முன்னாலும் தடுமாறாமல் வாசித்துவிட்டு உட்காரும்போது அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று நான் வீட்டில் பார்த்திருக்கிறேன், அன்று முழுக்க பேசிக்கொண்டே இருந்தான்.

பெற்றோரை வரச் சொல்லும்போது, முதலில் அவன் என்ன நன்றாகச் செய்கிறான் என்று ஒன்றைச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். வருடக்கணக்கில் குறையை மட்டுமே கேட்டுக் கேட்டு, பள்ளியில் இருந்து போன் வந்தாலே எங்களுக்குக் கை நடுங்கும். அந்த வாழைப்பழக் கணக்கை அவன் அம்மாவிடம் சொல்லுங்கள். அவர்களுக்கு அது தெரியாமலே இருக்கலாம். அப்புறம் வீட்டில் அவன் என்ன வேலை செய்கிறான் என்றும் கேளுங்கள், காசு வாங்கிப் போடுவது, அளந்து கொடுப்பது என்று ஏதாவது செய்துகொண்டிருப்பான், உங்கள் கணக்குக்கு அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

தேன்மொழி_கணிதம்

இவ்வளவு பேர் இவ்வளவு விரிவாக எழுதியிருக்கிறீர்கள், எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சார், பேனா அட்டவணையை அப்படியே செய்யப் போகிறேன், நாணயம் சேர்க்க ஆரம்பித்துவிட்டேன். சொல் அட்டை எழுதி முடித்துவிட்டேன், 36 பேருக்கும்.

இன்னும் இரண்டு விஷயம் கேட்கிறேன். பள்ளியில் ஒரு மூத்த ஆசிரியர், அன்பாகத்தான், 'கணக்குப் பீரியடில் அந்தப் பெண்ணை நூலக அறையில் உட்கார வைத்து வண்ணம் தீட்டச் சொல்லு, அவளுக்கும் நிம்மதி, உனக்கும் பாடம் முடியும்' என்கிறார். வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் நான் பயிற்சிக்கு வந்தவள், அவரிடம் எப்படிச் சொல்வது? அடுத்தது, கல்லூரியில் ஒரு தனியாள் ஆய்வு எழுதித் தர வேண்டும், இந்த இரண்டு பேரில் ஒருவரைப் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன். அதில் எதை எழுதுவது, எதை எழுதக் கூடாது?

சிறப்புப்பயிற்றுநர்_வட்டாரவளமையம்

நூலக அறை வேண்டவே வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல் 16வது பிரிவைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கையில் பாகுபாடு கூடாது, மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க வேண்டும், அந்தப் பிள்ளைக்கு வேண்டிய தனிப்பட்ட உதவி தர வேண்டும், கற்றல் குறைபாட்டை முன்கூட்டியே கண்டறிய வேண்டும், ஒவ்வொரு பிள்ளையின் பங்கேற்பையும் முன்னேற்றத்தையும் கவனிக்க வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. அதற்கு முந்தைய 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுதான் இருந்தது, கற்றல் குறைபாடு அதில் இல்லவே இல்லை. 2016ல் 21 ஆக்கியபோதுதான் உங்கள் பையன் மாதிரிப் பிள்ளைகள் சட்டத்துக்குள்ளேயே வந்தார்கள். அதனால் இது நீங்கள் காட்டும் கருணை இல்லை, அவர்களுக்குச் சேர வேண்டியது.

ஆனால் அந்த ஆசிரியரிடம் போய்ச் சட்டம் பேசாதீர்கள். அவரோடு இன்னும் பல வாரம் இருக்க வேண்டும். 'சார், பேனா கணக்குக்கு அவள்தான் எனக்குக் காசு எண்ணித் தருகிறாள், அவள் இல்லாமல் பாடம் ஓடாது, ஒரு நாள் வந்து பாருங்கள்' என்று கூப்பிடுங்கள். வந்து பார்த்தவர்கள் மனம் மாறியதை நான் பல பள்ளிகளில் பார்த்திருக்கிறேன், வாயால் சொல்லி மாறியவர்கள் குறைவு. ஒருவேளை அந்தப் பெண்ணுக்கே சத்தம் தாங்காமல், களைத்துப் போய் ஒரு ஐந்து நிமிடம் வெளியே உட்கார வேண்டும் என்றால் அது வேறு விஷயம், அதை அவளே கேட்கட்டும், திரும்பி வரட்டும். பாடம் முழுக்க வெளியே வைப்பதற்கு அதைச் சாக்காக எடுக்கக் கூடாது.

தனியாள் ஆய்வுக்கு: பெயர், பள்ளி, ஊர், அடையாள அட்டை எண், போட்டோ எதுவும் வேண்டாம். எழுத்து ஒன்றை வைத்துக் குறிப்பிடுங்கள். மருத்துவச் சான்றின் நகலை ஒட்டாதீர்கள், ரெக்கார்டு நோட்டுகள் எத்தனை பேர் கைக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும். பெற்றோரிடமும் ஹெச்.எம்.மிடமும் சொல்லிவிட்டு எழுதுங்கள். உள்ளடக்கத்தில், குறைபாட்டின் வரையறையை இரண்டு பக்கம் எழுதுவதை விட, தொடக்கத்தில் அந்தப் பிள்ளை எதைச் செய்ய முடிந்தது, எந்த இடத்தில் நின்றது, நீங்கள் என்ன மாற்றினீர்கள், எந்த அளவு உதவி குறைந்தது என்று தேதிவாரியாகப் போடுங்கள். எதுவும் மாறாத வாரம் இருந்தால் அதையும் எழுதுங்கள். அடுத்து வரும் ஆசிரியருக்கு அதுதான் வேண்டும். நீங்கள் கிளம்பும் முன் அந்தக் குறிப்பின் நகல் ஒன்றை ஐ.இ.பி. கோப்பில் வைத்துவிட்டு, சிறப்புப் பயிற்றுநரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். பயிற்சி ஆசிரியர்கள் நல்லபடியாகச் செய்த வேலை அவர்கள் போனதும் ஒரு வரி கூட மிஞ்சாமல் போவதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

கணக்கு_வாத்தியார்_திண்டிவனம்

ஒன்றை விட்டுவிட்டேன், காலாண்டுத் தேர்வு வருகிறது. அந்தப் பெண்ணுக்கு அதே வினாத்தாளைக் கொடுத்தால் முழுவதையும் விடைத்தாளில் பார்த்து எழுதி வைப்பாள். ஹெச்.எம்.மிடமும் உன் வழிகாட்டி ஆசிரியரிடமும் முன்பே கேட்டு, அவளுக்கு வேறு தாள் தயார் செய். மேலே மற்றவர்கள் தாளில் இருக்கும் அதே தலைப்பு, அதே பாடம், அதே தேதி இருக்கட்டும், உள்ளே அவள் இந்த மாதங்களில் செய்த கணக்குகள். காசு எண்ணுவதை எழுத்தில் கேட்க முடியாது, அதைத் தேர்வு முடிந்த பின் நேரில் செய்ய வைத்து மதிப்பெண் போடு.

பையனுக்கு அதே வினாத்தாள். கணக்கை வாசித்துக் காட்ட ஓர் ஆள், கொஞ்சம் கூடுதல் நேரம், இதையும் இப்போதே பழக்கிவிடுங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு என்று சலுகைகள் இருக்கின்றன. மருத்துவச் சான்றோடு பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பத்தாவது வந்த பிறகு ஓடினால் சான்று வாங்குவதற்குள் தேதி போய்விடும், அதோடு, சொல்லி எழுத வைப்பதும் பழக்கம் இல்லாமல் வராது. பக்கத்தில் புதிதாக ஒருவர் உட்கார்ந்ததும் வாயடைத்துப் போன பிள்ளைகளைத் தேர்வறையில் பார்த்திருக்கிறேன். நீ கிளம்புவதற்கு முன் அவன் அம்மா அப்பாவிடமும் வகுப்பாசிரியரிடமும் இதைச் சொல்லி, முகாமில் கொடுத்த சான்று எங்கே இருக்கிறது, அது போதுமா, புதுப்பிக்க வேண்டுமா என்று சிறப்புப் பயிற்றுநரிடம் கேட்டு வைத்துவிடு.